வீடியோ கேப்சர் சரியாக வரவில்லையா? கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கோளாறு எங்கே என்று பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விட்டுத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்த பல குடும்பங்களில் அலமாரியின் மேல்தட்டில் நாலைந்து வீடியோ டேப் கிடக்கும். அக்காவின் கல்யாணம், தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்ட இடங்களில், அந்த லயம் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேறு படம் கிடையாது. டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவானதும் வரும் முதல் கேள்வி, "அண்ணே, கேப்சருக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" திருவிழாவை நேரலையில் போடும் பையன்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

இன்று கடையில் விற்கும் கிராஃபிக்ஸ் கார்டு வெளியிலிருந்து வரும் படத்தை உள்ளே வாங்காது. பின்பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் துளைகள் எல்லாம் படத்தை வெளியே அனுப்புவதற்கு. உள்ளே வாங்குவது கேப்சர் கருவி. அது யூஎஸ்பியில் செருகும் சின்னப் பெட்டியாக இருக்கலாம், கம்ப்யூட்டருக்குள் பொருத்தும் தனி அட்டையாகவும் இருக்கலாம். உள்ளே வந்த படத்தைச் சுருக்கி ஃபைலாக்கும்போதுதான் கிராஃபிக்ஸ் கார்டு கை கொடுக்கிறது.

மக்கள் குழம்புவதற்கும் காரணம் உண்டு. 1996இல் ஏடிஐ நிறுவனம் ஆல்-இன்-வொண்டர் என்ற கார்டைக் கொண்டுவந்தது. திரையில் படம் காட்டுவது, டிவி பார்ப்பது, டேப்பைப் பதிவு செய்வது எல்லாம் அந்த ஒரே கார்டில் நடந்தது. பிறகு வேறு சில கார்டுகளிலும் விவோ என்ற பெயரில் படம் உள்ளே வரும் வழி இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டரை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு அவை இன்றும் நல்ல கருவிகள்தான். மற்றவர்கள் பழைய பொருள் விற்பவரிடம் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை ஏஜிபி என்ற பழைய வகைத் துளைக்கான கார்டுகள், இன்றைய மதர்போர்டில் செருக இடமே இல்லை.

கீழே ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம். அதற்கு முன் எல்லாருக்கும் பொதுவான ஒரு சோதனை: டேப் ஓட்டும் டெக்கையோ கேமராவையோ நேராக டிவியில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். டிவியிலும் கெட்டுத் தெரிந்தால் கோளாறு டேப்பில், டெக்கில் அல்லது கேபிளில் இருக்கிறது. டிவியில் நன்றாகத் தெரிந்து கம்ப்யூட்டரில் மட்டும் கெட்டால் தொடர்ந்து படியுங்கள்.

திரை கறுப்பாகவே இருக்கிறது

முதலில் கேபிள் எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். கேமராவின் எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில் செருகிவிட்டுப் படத்துக்குக் காத்திருப்பவர்கள் ஏராளம். அந்தத் துளையும் வெளியே அனுப்பத்தான். பழைய கிராஃபிக்ஸ் கார்டில் வட்டமாக ஒரு துளை இருக்கும், எஸ்-வீடியோ கேபிள் அதில் அழகாகப் பொருந்தும். அதுவும் பெரும்பாலான கார்டுகளில் டிவிக்குப் படம் அனுப்புவதற்கானதுதான். டெக்கிலும் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இரண்டு ஜோடி இருக்கும். கேபிளை 'அவுட்' என்று எழுதிய பக்கம் செருக வேண்டும்.

கேபிள் சரியென்றால் மென்பொருள் பக்கம் வாருங்கள். பதிவுக்கும் நேரலைக்கும் பயன்படும் ஓபிஎஸ் என்ற மென்பொருளில் வீடியோ கேப்சர் டிவைஸ் சேர்த்தும் கறுப்பாக இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் கேமரா என்ற பக்கத்தைத் திறங்கள். கேப்சர் பெட்டியை விண்டோஸ் ஒரு வெப்கேமாகத்தான் பார்க்கிறது. டெஸ்க்டாப் செயலிகள் கேமராவைப் பயன்படுத்தலாம் என்ற சுவிட்ச் அணைந்திருந்தால் படம் வராது. அடுத்து, ஜூம் மாதிரி வேறு எந்தச் செயலியாவது அந்தப் பெட்டியைப் பிடித்து வைத்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் அதைப் பயன்படுத்த முடியும். டேப் பெட்டி என்றால் இன்னொன்றும் உண்டு: கிராஸ்பார் என்ற பொத்தானுக்குள் போய், மஞ்சள் கேபிளுக்கு காம்போசிட், வட்டக் கேபிளுக்கு எஸ்-வீடியோ என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேமராவைச் செருகினால் படம் வருகிறது, கட்டணச் சேனல் டிகோடரையோ கேம் கன்சோலையோ செருகினால் வரவில்லை என்றால் அது கோளாறே இல்லை. எச்டிசிபி என்ற பூட்டு வேலை செய்கிறது. பிளேஸ்டேஷன் 4இல் விளையாட்டுக்கு மட்டும் அதைச் செட்டிங்ஸில் அணைக்க அனுமதி உண்டு. டிகோடரில் அப்படி வழி கிடையாது, கேப்சர் பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேப்சர் பெட்டியே இல்லாமல் லேப்டாப்பின் சொந்தத் திரையைப் பதிவு செய்யும்போது கறுப்பாக வந்தால், அது கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்ட கோளாறுதான். ஆனால் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. சில லேப்டாப்பில் இன்டெல் ஒன்று, என்விடியா ஒன்று என்று இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். திரையை ஒன்று ஓட்டிக்கொண்டிருக்க, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடினால் பிடிக்க எதுவும் கிடைக்காது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய் ஓபிஎஸ்ஸை மின்சிக்கன கிராஃபிக்ஸுக்கு மாற்றிவிட்டுத் திரும்பத் திறங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலும் கீழும் உருள்கிறது

மலேசியாவில் பதிவான டேப் பிஏஎல் என்ற டிவி முறையில் இருக்கும். பல பெட்டிகள் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் வைத்து விற்கப்படுகின்றன. மென்பொருளில் வீடியோ டிகோடர் என்ற இடத்தில் பிஏஎல்-பி என்று மாற்றுங்கள். அளவு 720க்கு 576, வினாடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்காவிலிருந்து யாராவது அனுப்பிய கல்யாண டேப் என்றால் மட்டும் என்டிஎஸ்சி, அதை ஓட்ட டெக்கும் ஒத்துழைக்க வேண்டும். பிஏஎல் வைத்தும் கறுப்பு வெள்ளைதான் என்றால், மஞ்சள் கேபிளைச் சின்ன அடாப்டர் வழியாக எஸ்-வீடியோ துளையில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

படத்தின் மேல்பகுதி கொடிபோல் வளைகிறது, ஃபிரேம்கள் விட்டுப்போகின்றன

டேப் வேலையில் ஆளை அதிகம் அலையவிடுவது இதுதான். "டிவியில் நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். உண்மைதான், டிவியில் நன்றாகத்தான் ஓடும்.

விஎச்எஸ் டெக்குக்குள் ஒரு உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுற்றி டேப்பைப் படிக்கிறது. படத்தின் ஒவ்வொரு வரியும் 64 மைக்ரோ வினாடியில் வந்து சேர வேண்டும். முப்பது வருடம் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த டேப் கொஞ்சம் இழுபட்டிருக்கும், சுருங்கியிருக்கும். அதனால் ஒரு வரி முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். பழைய குண்டு டிவி அந்தத் தள்ளாட்டத்தோடு சேர்ந்து தானும் ஆடிப் படத்தை நேராகக் காட்டிவிடும். கேப்சர் பெட்டியில் உள்ள சில்லு அப்படி அனுசரிக்காது. நேரம் தப்பி வந்த வரியை வளைத்துக் காட்டும், ரொம்பத் தப்பினால் ஃபிரேமையே தள்ளிவிடும். அப்போது ஒலியும் படமும் பிரியத் தொடங்கும்.

இதற்கு மருந்து டைம் பேஸ் கரெக்டர், சுருக்கமாக டிபிசி. சில உயர்தர எஸ்-விஎச்எஸ் டெக்குகளில் உள்ளேயே இருக்கும். தனிப் பெட்டியாக வாங்கப் போனால் விலை மயக்கம் போட வைக்கும். நடுவழி ஒன்று இருக்கிறது: பழைய டிவிடி ரெக்கார்டர். டெக்கிலிருந்து ரெக்கார்டருக்கு உள்ளே, ரெக்கார்டரிலிருந்து கேப்சர் பெட்டிக்கு. டிஸ்க்கில் எதையும் பதிவு செய்ய வேண்டாம், படம் அதன் வழியாகக் கடந்து போனால் போதும், வரிகள் பெரும்பாலும் நேராகிவிடும். பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்வதில்லை, வாங்கும் முன் ஆடும் டேப் ஒன்றைக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். கையில் இருக்கும் பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கிராஃபிக்ஸ் கார்டை மறந்துவிட்டு நல்ல டெக்குக்கும் இப்படி ஒரு ரெக்கார்டருக்கும் செலவழியுங்கள்.

படத்தின் அடிப்பகுதியில் சில வரிகள் மட்டும் கிழிந்ததுபோல் ஓடினால் கவலை வேண்டாம். உருளையில் டேப்பைப் படிக்கும் ஒரு ஹெட்டிலிருந்து அடுத்த ஹெட்டுக்கு மாறும் இடம் அது, எல்லா விஎச்எஸ் டேப்பிலும் இருக்கும். டிவி ஓரத்தை மறைத்துவிடுவதால் நாம் பார்த்ததில்லை. கடைசியில் வெட்டிக்கொள்ளலாம்.

பனி கொட்டுகிறது, கோடு கோடாக ஓடுகிறது

டெக்கில் டிராக்கிங்கை மாற்றிப் பாருங்கள். போகவில்லை என்றால் ஹெட்டில் அழுக்கு. ஆனால் ஹெட்டைத் துடைக்கும் முன் டேப்பின் சன்னல் வழியாக உள்ளே பாருங்கள். சுற்றின் விளிம்பில் வெள்ளையாகத் தூள் தட்டியதுபோல், சில இடத்தில் பஞ்சு இழைபோல் தெரிந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு, அதுவும் பலகை வீட்டில் தரையோடு ஒட்டிக் கிடந்த பெட்டியில் இருந்த டேப்புக்கு, இது சகஜம். அந்த டேப்பை டெக்கில் போடவே கூடாது. ஒரு முறை ஓடினால் ஹெட்டில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல டேப்பும் கெடும். தனிப் பையில் போட்டு மற்றவற்றிலிருந்து ஒதுக்கி வையுங்கள், டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். துடைக்கும்போது தூள் பறக்கும், மூக்கை மூடிக்கொள்வது நல்லது.

ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோல் சரி. தோலை அசையாமல் பிடித்துக்கொண்டு உருளையைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி இதற்கு ஆகாது, நூல் மாட்டிக்கொள்ளும்.

வெளிச்சம் கூடிக்கூடிக் குறைகிறது

வீட்டு டேப்பில் வராது. கடையில் வாங்கிய சினிமா டேப்பில் இப்படி வந்தால் அது மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு.

ஆள் நகரும்போது சீப்புப் பல்போல் கோடு விழுகிறது, முகங்கள் குண்டாகத் தெரிகின்றன

விஎச்எஸ்ஸில் ஒரு வினாடிக்கு 50 அரைப்படங்கள், ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை. இரண்டையும் ஒட்டி ஒரே படமாகக் காட்டும்போது அசைவில் கோடு விழும். ஓபிஎஸ்ஸில் அந்த சோர்ஸை வலது கிளிக் செய்து டீஇன்டர்லேசிங்கில் யாடிஃப் 2எக்ஸ் தேர்ந்தெடுங்கள், ஓபிஎஸ்ஸின் ஃபிரேம் வேகத்தையும் 50க்கு வையுங்கள். அப்போது தீமிதியில் ஓடிவருபவரின் கால் தெளிவாக, தத்தல் இல்லாமல் வரும். அசைவு முன்னுக்குப் பின் துடித்தால் எந்த அரைப்படம் முதலில் என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள்.

முகம் குண்டாவது அகலத் திரைக்கு இழுத்ததால். டேப் படம் 4க்கு 3 என்ற கணக்கு. 768க்கு 576 என்று வைத்துவிட்டு, இரு பக்கமும் கறுப்பு இருந்தால் இருக்கட்டும் என்று விடுங்கள்.

ஒலியில் கோளாறு

படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் என்று நேரம் போகப்போக விலகினால், படம் ஒரு கருவியிலும் ஒலி வேறு கருவியிலும் பதிவாகிறதா என்று பாருங்கள். டெக்கின் ஒலி கேபிளை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் இப்படித்தான் ஆகும், இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகாது. ஒலியையும் கேப்சர் பெட்டி வழியாகவே எடுங்கள், எல்லா இடத்திலும் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அப்படியும் விலகினால் மேலே சொன்ன டிபிசி கதைதான்.

மலிவான எச்டிஎம்ஐ கேப்சர் குச்சிகள் பலவற்றில் எம்எஸ்2109 என்ற சில்லு இருக்கும். அதில் ஸ்டீரியோ ஒலி 96 கிலோஹெர்ட்ஸ் மோனோவாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டப்படுகிறது. இடமும் வலமும் கலந்து வரும். குச்சி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம், பேச்சு மட்டும் என்றால் சமாளிக்கலாம். நாதஸ்வரக் கச்சேரிக்கு மிக்சரிலிருந்து தனியாக ஒலி எடுங்கள்.

'உம்' என்று ஒரே சுருதியில் இரைச்சல், படத்தில் மங்கலான பட்டை மெல்ல ஏறுகிறது என்றால் எர்த் கோளாறு. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். போய்விட்டால், டெக்குக்கோ டிவிக்கோ வரும் ஆன்டெனா கேபிளைக் கழற்றி வையுங்கள். 2019 அக்டோபரோடு அனலாக் ஒளிபரப்பு நின்றுவிட்டது, டெக்குக்கு அந்தக் கேபிள் இனி எதற்கும் தேவையில்லை.

ஓபிஎஸ் 'என்கோடிங் ஓவர்லோடட்' என்கிறது

இங்கேதான் கிராஃபிக்ஸ் கார்டு பேச்சுக்கே வருகிறது. ஆனாலும் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸ் பலகையைத் திறந்தால் மூன்று வகை இழப்பு தனித்தனியாகத் தெரியும். என்கோடிங் லேக் என்றால் சுருக்கும் வேலைக்கு ஆள் போதவில்லை. ரெண்டரிங் லேக் என்றால் காட்சிகளை அடுக்கிக் கோக்கும் வேலையில் கிராஃபிக்ஸ் திணறுகிறது, பக்கத்தில் கேம் ஓடினால் இது வரும். நெட்வொர்க் இழப்பு என்றால் கார்டுக்குச் சம்பந்தமே இல்லை, லைன்தான் பலவீனம். செம்பனைக்கு நடுவில் உள்ள கோயிலிலிருந்து போன் ஹாட்ஸ்பாட்டில் நேரலை போடுபவர்களுக்கு முக்கால்வாசி இந்த மூன்றாவதுதான் வரும். 720 அளவுக்கு இறக்கி, வினாடிக்கு எவ்வளவு தரவு அனுப்புவது என்ற பிட்ரேட்டை 2500 பக்கம் கொண்டுவாருங்கள்.

டேப் மட்டும் ஏற்றுபவருக்கு ஓவர்லோட் வரவே கூடாது. 720க்கு 576 என்பது சின்னப் படம், பழைய ஐ5 பிராசஸர் கூட மூச்சு வாங்காமல் சுருக்கிவிடும். 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோரிலிருந்து குவிக் சிங்க் என்ற சுருக்கும் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது. பெயரின் கடைசியில் எஃப் எழுத்து உள்ளவை போன்ற சில பிராசஸர்களில் இது கிடையாது. தனி கார்டு போட்ட கம்ப்யூட்டரில் குவிக் சிங்க் காணாமல் போனால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் உள்ளமைந்த கிராஃபிக்ஸைத் திரும்ப இயக்குங்கள்.

திருவிழா நேரலை, 1080 அளவு, வினாடிக்கு 60 ஃபிரேம், மேலே எழுத்து ஓட வேண்டும் என்றால் கார்டு உதவும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஜிடி 1030 மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள், அதில் வீடியோ சுருக்கும் பகுதியே இல்லை. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் அப்படியே. விளையாட ஓகே, நமக்கு ஆகாது. ஜிடிஎக்ஸ் 1650 பரவாயில்லை, ஆனால் பழைய வகை என்கோடர். 1650 சூப்பர், 1660, ஆர்டிஎக்ஸ் வரிசை எல்லாவற்றிலும் 2018இல் வந்த டூரிங் வகையோ அதற்குப் பிந்தியதோ இருக்கும், அதே பிட்ரேட்டில் படம் சுத்தமாக வரும்.

ஈப்போவில் வாங்கிய பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பெட்டியின் தடிமனைப் பாருங்கள். ஒல்லிப் பெட்டிக்குக் குட்டைக் கார்டுதான் நுழையும், உள்ளே கார்டுக்குத் தனி மின் கேபிளும் இருக்காது. மதர்போர்டு துளை வழியாகக் கிடைப்பது 75 வாட்தான். அந்த வரம்புக்குள் என்றால் 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகையின் குட்டைப் பதிப்பு என் முதல் தேர்வு. 8 ஜிபி வகை வேறு, அதற்கு மின் கேபிள் வேண்டும், கடைக்காரரிடம் தெளிவாகக் கேட்டு வாங்குங்கள்.

லேப்டாப் முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் திணறினால் சூடுதான் காரணம். கோயில் தகரக் கொட்டகையின் கீழே, சாம்பிராணிப் புகை பக்கத்தில் வைத்தால் எந்தக் கார்டும் தாங்காது. மேசையில் உயர்த்தி வைத்து மின்விசிறியைத் திருப்புங்கள்.

பெட்டியில் 1080, 60 என்று எழுதியிருக்கிறது, படம் தத்துகிறது

யூஎஸ்பி 2 வழியாகச் சுருக்காத 1080 படம் போகாது. வினாடிக்கு 30 ஃபிரேம் என்றாலே ஏறத்தாழ 124 எம்பி வேண்டும், யூஎஸ்பி 2 நடைமுறையில் தருவது 40க்கும் கீழே. அதனால் மலிவான குச்சி படத்தை எம்ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகிறது. ஓபிஎஸ்ஸில் வீடியோ ஃபார்மட் சுருக்காத ஒய்யூஒய்2 என்று இருந்தால் எம்ஜேபெக்குக்கு மாற்றுங்கள், தத்தல் குறையும். உண்மையான 60 வேண்டுமென்றால் யூஎஸ்பி 3 பெட்டி, அதையும் ஹப் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரின் வேகத் துளையில். நீல முனை எல்லாம் யூஎஸ்பி 3 என்று நம்பிவிடாதீர்கள், குச்சியின் முனையை நீலமாக்கிவிட்டு உள்ளே யூஎஸ்பி 2 வைப்பவர்கள் உண்டு. கேமராவின் பேட்டரி குறியும் ஃபோகஸ் கட்டமும் சேர்ந்து பதிவானால், கேமரா மெனுவில் எச்டிஎம்ஐ தகவல் காட்டுவதை அணையுங்கள்.

பதிவு பாதியில் நிற்கிறது, அல்லது ஃபைல் திறக்கவில்லை

சரியாக 4 ஜிபியில் நின்றால் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கிறது. பென்டிரைவில் இது வழக்கம். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும். நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் இடம் போதுமா பாருங்கள். டேப்பைச் சுருக்காமல் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜிபி. ஹஃப்ஒய்யூவி மாதிரி இழப்பில்லாத முறையில் ஏறக்குறைய பாதி. பாதுகாத்து வைக்கும் பிரதிக்கு இதைத்தான் சொல்வேன், வாட்ஸ்அப்பில் அனுப்பும் சின்னப் பிரதியை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டின் வேகம் அந்த இரண்டாவது பிரதிக்குத்தான் பயன்படும். அரை மணி நேரத்தில் படம் உறைந்தால் கம்ப்யூட்டரின் ஸ்லீப்பையும் யூஎஸ்பி மின்சிக்கனத்தையும் அணையுங்கள்.

சாயங்கால இடிமழையில் டிரிப்பாகிக் கரண்ட் போன பிறகு எம்பி4 ஃபைல் திறக்காமல் போவது சகஜம். அந்த முறையில் ஃபைலின் அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுகிறது. எம்கேவியில் பதிவு செய்தால் கரண்ட் போன நொடிவரை உள்ளது பிழைக்கும், பிறகு ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், தரம் குறையாது. இடி கேட்கத் தொடங்கியதும் டேப்பை நிறுத்தி, டெக்கிலிருந்து வெளியே எடுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். டேப் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பழைய டெக் திரும்ப உயிர் வரும்போது அதைக் கசக்கிவிடக்கூடும்.